சாஃப்ட்னரில் உப்பு போட்டும் டிடிஎஸ் குறையவில்லை, ரெசின் போய்விட்டதா?

1 · மார்ச் 3, காலை 7.50

என் சாஃப்ட்னரில் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) 25 லிட்டர் ரெசின் (கடினத்தன்மையைப் பிடிக்கும் சிறு மணிகள்), கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு, பக்கத்தில் தனி உப்புத் தொட்டி. உள்ளே வரும் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்த அளவு) 900 பிபிஎம். நேற்று 4 கிலோ உப்பு போட்டு ரீஜெனரேஷன் (உப்புநீர் ஏற்றி ரெசினைப் புதுப்பிப்பது) செய்தேன். வெளியே வருவது 910. குறைய வேண்டியது 10 கூடியிருக்கிறது. சோப்பும் நுரைக்கவில்லை. ரெசின் போட்டு ஐந்து வருஷம். ரெசினை மாற்றியே ஆகணும் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். மாற்றலாமா?

2 · மார்ச் 3, காலை 8.25

மாற்ற வேண்டாம். முதலில் அந்த டிடிஎஸ் மீட்டரை டிராயரில் போடுங்கள். சாஃப்ட்னர் எதையும் குறைக்காது, ஒன்றை எடுத்து இன்னொன்றைக் கொடுக்கும். கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். 100 பிபிஎம் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 100 மி.கி.) போனால் லிட்டருக்கு 46 மி.கி. சோடியம் வரும். போனது முழுக்கக் கால்சியம் என்றால் எடை 40 மி.கி. அதாவது 40 போய் 46 வந்திருக்கிறது. நன்றாக வேலை செய்யும் சாஃப்ட்னரிலும் டிடிஎஸ் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். உங்கள் 910 சரியான எண்.

3 · மார்ச் 3, காலை 9.05

எடைக் கணக்கு சரி, முடிவு சரியில்லை. மீட்டர் எடை பார்ப்பதில்லை, மின்கடத்தும் திறனைப் பார்த்துவிட்டு அதை பிபிஎம்மாக மாற்றிக் காட்டுகிறது. அதே மின்சுமைக்குச் சோடியம் கால்சியத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே கடத்தும் (50-க்கு 59.5). அதனால் மீட்டரில் ஏறவும் செய்யலாம், சற்று இறங்கவும் செய்யலாம். 910 என்பதை வைத்து "வேலை செய்கிறது" என்றும் சொல்ல முடியாது, "செய்யவில்லை" என்றும் சொல்ல முடியாது. சோப்பு நுரைக்கவில்லை என்பதுதான் அவர் சொன்னதில் உருப்படியான தகவல்.

4 · மார்ச் 3, காலை 9.10

ஒப்புக்கொள்கிறேன். 2-ல் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள்.

5 · மார்ச் 3, காலை 9.40

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுதான். கரிக்கும் தண்ணியும் உப்புத் தண்ணி, பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணியும் உப்புத் தண்ணி. இரண்டும் வேறு. சாஃப்ட்னர் படிவதை நிறுத்தும், கரிப்பை நிறுத்தாது. கரிப்பு போக ஆர்ஓ வேண்டும்.

6 · மார்ச் 3, காலை 10.15

கடினத்தன்மை கிட் வாங்கி அளந்துவிட்டு வாருங்கள். பஃபர் சில சொட்டு, இண்டிகேட்டர் சிட்டிகை, பிறகு இடிடிஏ கரைசல் சொட்டுச் சொட்டாக. கடினநீர் திராட்சைச் சிவப்பாக நிற்கும், கால்சியமும் மெக்னீசியமும் கட்டுப்பட்டதும் நீலமாகும். நடுவில் ஒரு ஊதா வரும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஐந்து விநாடி குலுக்குங்கள். ஒரு சொட்டுக்கு எத்தனை பிபிஎம் என்பது கிட்டின் தாளில் இருக்கும். நல்ல மென்னீரில் இண்டிகேட்டர் போட்டவுடனேயே நீலம், ஒரு சொட்டுகூடத் தேவைப்படாது.

மாதிரியை சாஃப்ட்னரின் வாயிலேயே எடுங்கள், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு. மேல்தொட்டியிலிருந்தோ ஹீட்டரிலிருந்தோ எடுத்தால் பழைய கடினநீரும் கலந்துதான் வரும்.

7 · மார்ச் 4, மாலை 6.30 (கேட்டவர்)

உள்ளே 400. வெளியே 320.

8 · மார்ச் 4, மாலை 7.00

320 என்றால் மூன்று காரணங்களில் ஒன்று. (அ) பைபாஸ் வால்வு (சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரை நேரே விடுவது) முழுசாக மூடவில்லை, கடினநீர் கலக்கிறது. (ஆ) சிலிண்டருக்குள் நடுவில் நிற்கும் குழாயின் தலையில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்து, தண்ணீர் ரெசினைத் தொடாமலே மேலாகக் குறுக்கே போகிறது. (இ) உப்புநீர் ரெசினுக்குப் போகவே இல்லை, அல்லது நீர்த்துப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரெசின் கெட்டிருக்கலாம் என்பது நான்காவது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். பைபாஸோ ஓ-ரிங்கோ என்றால் ரீஜெனரேஷன் முடிந்த நிமிடத்திலிருந்தே அளவு அதிகமாகவே இருக்கும், பிறகும் பெரிதாக மாறாது. உப்பு போதவில்லை என்றால் முதல் சில நூறு லிட்டர் ஓரளவு நன்றாக வந்து, பிறகு ஏறிக்கொண்டே போகும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உப்பு ஏற்றும் நிலையில் வால்வை வைத்தபோது தொட்டியில் மட்டம் இறங்கியதா? கண்ணளவு வேண்டாம். சுவரில் டேப் ஒட்டிப் பாருங்கள்.

9 · மார்ச் 5, காலை 8.10 (கேட்டவர்)

டேப் ஒட்டிப் பார்த்தேன். 40 நிமிடத்தில் 2 செ.மீ. இறங்கியிருக்கிறது. 60 லிட்டர் தொட்டி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி 4 கிலோ உப்பைக் கரைத்துவைப்பேன்.

10 · மார்ச் 5, காலை 8.30

இரண்டு நோய் ஒன்றாக. உப்புநீரை வால்வு இழுக்கவில்லை. இழுத்திருந்தாலும் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

4 கிலோவை 60 லிட்டரில் கரைத்தால் சுமார் 6 சதவீதம். இன்ஜெக்டர் (வால்வில் உப்புநீரை உறிஞ்சும் சிறு பாகம்) தன் வழியாக ஓடும் தண்ணீரோடு கலந்து அதை மேலும் இரண்டு மூன்று மடங்கு நீர்க்கச் செய்யும். ரெசினைத் தொடும்போது 2 முதல் 3 சதவீதம். அங்கே 8 முதல் 12 சதவீதம் வேண்டும், அதுவும் குறைந்தது அரைமணி நேரம். அதனால்தான் தொட்டியில் இருப்பது தெவிட்டிய உப்புநீராக இருக்கணும், 26 சதவீதம். இன்ஜெக்டர் நீர்க்கச் செய்த பிறகு 10-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

11 · மார்ச் 5, காலை 9.15

லிட்டருக்கு 360 கிராம் உப்பு. 4 கிலோவுக்கு 11 லிட்டர் உப்புநீரை இழுத்தால் போதும்.

12 · மார்ச் 5, காலை 9.50

இல்லை. 360 கிராம் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் உப்பு. கரைந்த பிறகு கன அளவு கூடுகிறது, ஒரு லிட்டர் உப்புநீரில் இருப்பது 317 கிராம்தான். ஊற்ற வேண்டிய தண்ணீர் 11 லிட்டர், இழுக்க வேண்டிய உப்புநீர் 12.6 லிட்டர். 11-லேயே நிறுத்தினால் அரைக் கிலோ உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

தொட்டியில் எப்போதும் கரையாத உப்பு கிடக்கிறபடி வைப்பவர்களுக்கு: அங்கே உப்பை எடை போட வேண்டாம், தண்ணீரை அளந்து ஊற்றினால் போதும். 11 லிட்டர் ஊற்றினால் 4 கிலோ தானாகக் கரையும். ஆனால் உடனே கரையாது. மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். முந்தைய இரவே ஊற்றி வைப்பது உத்தமம்.

13 · மார்ச் 5, காலை 10.40

இழுவைக்கு வருவோம். இன்ஜெக்டர் மோட்டார் அல்ல. குறுகலான துளையில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் எல்லாம். அதனால் கெடுவதற்கு நான்கே வழி.

அழுத்தம். 1.5 பாராவது வேண்டும். மேல்தொட்டியிலிருந்து சும்மா இறங்கும் தண்ணீர் 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் தரும். ஒரு மாடி உயரத் தொட்டியை நம்பி இன்ஜெக்டர் இழுக்காது, பம்ப் வேண்டும்.

டிரெயின் குழாய். இது பலருக்கும் தோன்றாது. கழிவு நீர் தடையில்லாமல் வெளியேறினால்தான் உறிஞ்சல் வரும். மடங்கியிருந்தாலோ, விட்டத்தைக் குறைத்திருந்தாலோ, சுவரேறி உயரத்துக்குப் போனாலோ எதிரழுத்தம் வந்து இழுவை செத்துவிடும், சில சமயம் உப்புத் தொட்டிக்குள்ளேயே தண்ணீர் தள்ளும்.

காற்று. உறிஞ்சும் சிறு குழாயில் முடியளவு வெடிப்பு போதும். இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், உள்ளே இழுத்துக்கொண்டால் அங்கேதான் ஓட்டை.

அடைப்பு. இன்ஜெக்டரின் வலையும் மூக்கும்.

சோதனை: உறிஞ்சும் குழாயை வால்வுப் பக்கம் கழற்றி, உப்பு நிலையில் வைத்து, அந்த வாயில் விரலை வையுங்கள். விரலைப் பிடித்து இழுத்தால் வால்வு நலம், கோளாறு தொட்டிப் பக்கம். இழுக்காவிட்டால் இன்ஜெக்டர் அல்லது டிரெயின்.

14 · மார்ச் 5, இரவு 9.20 (கேட்டவர்)

விரலை இழுக்கவில்லை. டிரெயின் நேராக இருக்கிறது, பம்ப் 2.5 பார்.

15 · மார்ச் 5, இரவு 9.45

இன்ஜெக்டரேதான். தண்ணீரை மூடி, வால்வை பேக்வாஷில் (தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டிக் கழுவும் நிலை) வைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறங்கள். வால்வின் பக்கவாட்டில் இரண்டு ஸ்குரூ போட்ட சிறு மூடி. உள்ளே விரல்நகம் அகலத்தில் ஒரு வலை, அதன் பின்னால் மூக்கும் தொண்டையும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு உருவுங்கள். வினிகரில் அரைமணி ஊறவைத்து, துளையைப் பல்குச்சியால் குத்திக் கழுவுங்கள். கம்பி, குண்டூசி வேண்டாம். துளை ஒரு இழை பெரிதானாலும் கலப்பு விகிதம் மாறிவிடும், அதற்கு மருந்தில்லை. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின் தடவினால் சில ரப்பர்கள் ஊதிவிடும்.

16 · மார்ச் 6, மாலை 5.15 (கேட்டவர்)

வலை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, களிமண் மாதிரி. துளை கண்ணுக்கே தெரியவில்லை. கழுவி மாட்டி, 4 கிலோவை 12 லிட்டரில் கரைத்து வைத்தேன். 20 நிமிடத்தில் உறிஞ்சி முடித்துவிட்டது! ரின்ஸ் முடித்து அளந்தேன்: 60.

17 · மார்ச் 6, மாலை 5.40

அந்தச் சேறு கல்லுப்பிலிருந்து. கழுவாத பாறை உப்பில் களிமண்ணும் கரையாத ஜிப்சமும் இருக்கும். தூய உப்பு வில்லை கிடைத்தால் அது. இல்லையென்றால் வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுங்கள். தூள் உப்பு வேண்டாம், அடியில் கெட்டியாகப் படிந்து குழாயை அடைக்கும். அயோடின் பற்றிப் பயப்படுகிறார்கள், அந்த அளவு ரெசினை ஒன்றும் செய்யாது. பொடியாக இருப்பதுதான் பிரச்சினை.

60 பற்றி: பல மாதம் அரைப்பட்டினி கிடந்த ரெசின் ஒரு வேளைச் சாப்பாட்டில் தேறாது. நாளைக்கே இன்னொரு முறை செய்யுங்கள், 6 கிலோ போட்டு. தண்ணீர் 18 லிட்டர்.

18 · மார்ச் 6, இரவு 8.00

20 நிமிடத்தில் உறிஞ்சி முடிந்ததும் வேக ரின்ஸுக்குத் திருப்பினீர்களா? எல்லோரும் செய்யும் தப்பு அது. தொட்டி காலியானபோது உப்புநீரில் பாதி இன்னும் ரெசின் படுகைக்குள்ளேதான் நிற்கிறது. அதே உப்பு நிலையில் வால்வை விட்டுவைத்தால் இன்ஜெக்டர் வழியாக வெறும் தண்ணீர் மெதுவாக வந்து அதைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். இன்னும் 30, 40 நிமிடம். சட்டென்று வேகமாகத் திருப்பினால் நல்ல உப்பு வேலை செய்யாமலே சாக்கடைக்குப் போகும்.

முழு வரிசை இதுதான். பேக்வாஷ் 10 நிமிடம், கழிவு தெளியும்வரை. உப்பும் மெதுவான ரின்ஸும் சேர்த்து ஒரு மணி. வேக ரின்ஸ் 5 முதல் 10 நிமிடம். பிறகு சர்வீஸ், அதாவது வழக்கமான ஓட்டம். பேக்வாஷைத் தவிர்க்காதீர்கள். அதுதான் அழுந்திக் கிடக்கும் படுகையைக் குலுக்கி, அழுக்கை வெளியேற்றி, உப்புநீர் ஒரே சந்து வழியாக ஓடாமல் பார்த்துக்கொள்கிறது. படுகை பாதியளவு உயர இடம் வேண்டும், அதனால்தான் சிலிண்டரை ரெசினால் நிரப்புவதில்லை.

19 · மார்ச் 6, இரவு 8.10 (கேட்டவர்)

உடனே திருப்பிவிட்டேன்.

20 · மார்ச் 8, காலை 11.30 (கேட்டவர்)

6 கிலோ, முழு வரிசை, மெதுவான ரின்ஸ் 40 நிமிடம். வெளியே 10-க்கும் கீழே. இண்டிகேட்டர் போட்டதுமே நீலம். இனி எப்போதும் 6 கிலோவே போட்டுவிடலாமா?

21 · மார்ச் 8, பகல் 12.20

பணத்தைக் கரைக்க ஆசையென்றால் போடலாம். உப்பை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் இரட்டிப்பாகாது. 25 லிட்டர் ரெசின், 400 பிபிஎம் கணக்கில் தோராயமாக:

2.5 கிலோ போட்டால் சுமார் 2,800 லிட்டர்.
4 கிலோவுக்கு சுமார் 3,500.
6 கிலோவுக்கு சுமார் 4,250.

ஆயிரம் லிட்டருக்கு உப்பு முதல் வரியில் 0.9 கிலோ, கடைசியில் 1.4. ஆனால் உப்பைக் குறைக்கக் குறைக்கக் கசியும் கடினத்தன்மை கூடும், டிடிஎஸ் அதிகமான தண்ணீரில் இன்னும் கூடும். உங்கள் 900-க்கு 4 கிலோ நடுவழி. 3,500-ல் கொஞ்சம் கையிருப்பு விட்டு 3,000 லிட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். நாளுக்கு 600 லிட்டர் என்றால் ஐந்து நாள். கிழமையை நம்பாமல் தண்ணீர் மீட்டர் ஒன்று மாட்டுவது மேல்.

22 · மார்ச் 8, மாலை 4.00

இரும்பு இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லையே. கரைந்த இரும்பு 1 பிபிஎம் இருந்தால் கடினத்தன்மையோடு 50 முதல் 85 வரை கூட்டிக்கொண்டு கணக்குப் போடணும். அதைவிட முக்கியம், அது ரெசினுக்குள் போய்த் துருவாக உறைந்துவிடும், உப்புக்கு அசையாது. பேக்வாஷ் கழிவு செம்பழுப்பாக வந்தால் அதுதான். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் உள்ள ரெசின் கிளீனரை, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு, உப்புநீரோடு சேர்த்து ஏற்றணும். கந்தக வாடை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். சிட்ரிக் அமிலமும் உதவும். எதையுமே பிளீச்சோடு சேர்க்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு.

குழாயில் வரும்போதே சிவப்பாக இருக்கும் தண்ணீர் வேறு கதை. அது துகள், சாஃப்ட்னருக்கு முன்னாலேயே வடிகட்டி வேண்டும்.

23 · மார்ச் 9, காலை 7.30 (கேட்டவர்)

இரும்பு இல்லை. ஆனாலும் ஐந்து வருஷ ரெசின் நன்றாகத்தான் இருக்கிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

24 · மார்ச் 9, காலை 8.15

அளவு 10-க்குக் கீழே வந்த பிறகும் சந்தேகமா! சரி. பேக்வாஷ் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். வேகத்தைச் சற்றுக் கூட்டினால் சில மணிகள் வந்து விழும். நனைந்த விரல்நுனியில் ஒன்றை எடுத்து இன்னொரு விரலால் அழுத்துங்கள். நல்ல மணி உருளும், வழுக்கித் தப்பும், நசுங்காது. தேன் நிறம், வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியும். குளோரின் தின்ற மணி ஊதி, ரப்பர் மாதிரி நசுங்கும். அப்படியானால் படுகை அழுந்தித் தண்ணீர் அழுத்தமும் குறைந்திருக்கும். தொடர்ந்து 1 பிபிஎம்முக்கு மேல் குளோரின் வரும் இடத்தில் முன்னால் கார்பன் ஃபில்டர் போடணும். மற்றபடி ரெசின் பத்து வருஷம் தாண்டுவது சாதாரணம்.

குழாய் முனை வலையில் மணிகள் தென்பட்டால் மட்டும் கவலைப்படுங்கள். அடியில் உள்ள சல்லடை உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

25 · மார்ச் 9, பகல் 1.05

தொட்டியில் உப்பைக் குவித்து வைப்பவர்களுக்கு: மேலே உப்பு நிறைய இருக்கும், தண்ணீர் மட்டமும் இறங்கும், ஆனாலும் தண்ணீர் கடினமாகவே வரும். உப்பு பாலம் கட்டியிருக்கும். மேல் அடுக்கு இறுகிக் கூரையாக நிற்கும், கீழே வெற்றிடம், அதில் வெறும் தண்ணீர். துடைப்பக் கட்டையால் மெல்லக் குத்திப் பாருங்கள். தொட்டிச் சுவரை ஓங்கி இடிக்காதீர்கள், பிளாஸ்டிக் விரியும். தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உப்பு போடாமல், ஈரக்காற்று புகாத மூடி போட்டு வைத்தால் பெரும்பாலும் கட்டாது.

26 · ஏப்ரல் 20, காலை 9.00 (கேட்டவர்)

மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து திறந்தால் லேசான பூஞ்சை வாடை.

27 · ஏப்ரல் 20, காலை 9.35

நின்ற தண்ணீரில் பாக்டீரியா. 5.25 சதவீத, வாசனை சேர்க்காத பிளீச், ஒரு லிட்டர் ரெசினுக்கு 1.25 மி.லி. உங்களுக்கு 30 மி.லி. போதும். உப்புநீரில் கலந்து ஒரு முழு ரீஜெனரேஷன். கை நீண்டு அதிகம் ஊற்றிவிடாதீர்கள், 24-ல் சொன்ன குளோரின்தான் இதுவும். ரெசின் கிளீனர் போட்ட அன்று இதைச் செய்ய வேண்டாம்.

28 · ஏப்ரல் 20, காலை 11.10

கூடவே ஒன்று. செடிக்கு சாஃப்ட்னர் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரீஜெனரேஷன் கழிவை மறந்தும் தோட்டத்துப் பக்கம் விடாதீர்கள். சோடியம் மண்ணை இறுக்கிவிடும். பைபாஸிலிருந்து தனிக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் குடிக்கவும் அந்தக் குழாயே. 400 பிபிஎம் கடினநீரை மென்னீராக்கினால் லிட்டருக்கு 184 மி.கி. சோடியம் கூடியிருக்கும்.

29 · ஏப்ரல் 21, காலை 7.45 (கேட்டவர்)

பிளீச் போட்டு முடித்தேன், வாடை போய்விட்டது. வேக ரின்ஸை எப்போது நிறுத்துவது என்பதுதான் ஒவ்வொரு முறையும் குழப்பம். நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

30 · ஏப்ரல் 21, காலை 8.00

பிளீச் போட்ட தண்ணீரை நாக்கில் வைக்காதீர்கள்! டிராயரில் போடச் சொன்ன டிடிஎஸ் மீட்டரை வெளியே எடுங்கள், அதற்கு இருக்கும் ஒரே வேலை இதுதான். உப்பு இறங்கும்போது கழிவில் அளவு தாண்டி நிற்கும், பிறகு சரசரவென்று விழும். உள்ளே வரும் 900-க்கு மேல் 50-க்குள் வந்துவிட்டால் உப்பு போய்விட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகணும், ஆனால் அளவாகக் குடித்தால் போதும்.

31 · ஏப்ரல் 26, காலை 8.50 (கேட்டவர்)

ஏழாவது நிமிடத்தில் 940. நிறுத்திவிட்டேன். வெளியே இண்டிகேட்டர் நீலம்.